பின் அச்சில் இருக்கும் இலக்கம்

ரொறன்ரோவில் இன்று சொந்தமாக றக் வைத்து ஓடுகிற எங்கட பெடியங்கள் கனபேர் ஒரு காலத்தில் என்னைப் போல ரெஸ்ரோறன்ற் குசினிக்குள் நின்றவர்கள்தான். கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, பிறகு ஏ-இசட் லைசென்ஸ் எடுத்து, நாலைந்து வருடம் கொம்பனிக்கு ஓடி, கையில் கொஞ்சம் சேர்ந்ததும் சொந்தமாக ஒன்று வாங்குகிறார்கள். நல்ல விசயம். ஆனால் வாங்குகிற விதம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எத்தனையாம் ஆண்டு, எத்தனை கிலோமீற்றர், என்ன விலை... இந்த மூன்றோடு விசாரணை முடிந்துவிடும். பின் அச்சின் கியர் விகிதம் என்ன, என்ன சைஸ் ரயர் என்று கேட்பவரை நான் காண்பது குறைவு.

போன வருடம் என் மனைவியின் தம்பி முறையான ஒருவன் வந்தான். வீட்டின் மேல் எடுத்த கடன், தமக்கையின் சீட்டுக்காசு, எல்லாவற்றையும் கூட்டி வைத்திருக்கிறான்.

"அத்தான், நல்ல விலைக்கு ஒரு றக் வந்திருக்கு. கிலோமீற்றரும் குறைவு."

"பின் அச்சு எத்தனை?"

"அது எதுக்கு? எல்லா றக்கும் ஒண்டுதான் எண்டு விக்கிற ஆள் சொல்லுறார்."

பேராதனையில் பொறியியல் படிப்பு எனக்கு 2006இல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. அந்தப் படிப்பு எனக்கு இங்கே சோறு போடவில்லை. ஆனாலும் இந்தக் கணக்குக்கு இரண்டாம் வருடம்கூடத் தேவையில்லை. கடையில் ஓடர் எழுதுகிற துண்டின் பின்பக்கத்தில் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் விகிதம் என்றால் என்ன? பின் அச்சுக்குள் ஒரு சின்னப் பற்சில்லு, அதனோடு கடித்துச் சுழலும் ஒரு பெரிய பற்சில்லு. சின்னதில் 10 பல், பெரியதில் 41 பல் என்றால் 4.10. அதாவது எஞ்சின் பக்கமிருந்து வரும் சாஃப்ட் 4.1 முறை சுற்றினால்தான் ரயர் ஒருமுறை சுற்றும். இலக்கம் கூடினால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சினும் கூடச் சுற்ற வேண்டும். இலக்கம் குறைந்தால் எஞ்சின் ஆறுதலாகச் சுற்றும், இழுவை குறையும். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் விறகு கட்டி இழுத்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி ரயர். அமெரிக்கா, கனடா நெடுஞ்சாலை றக்குகளில் அதிகம் காண்பது 295/75ஆர்22.5. இது ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 320 சுற்றுச் சுற்றும். 11ஆர்22.5 கொஞ்சம் உயரம், அது சுமார் 309. 11ஆர்24.5 இன்னும் உயரம், சுமார் 294. கொம்பனிக்குக் கொம்பனி சிறிது மாறும்.

ஒன்ராறியோவில் 2009 முதல் பார றக்குகளின் வேகத்தை 105 கிலோமீற்றரில் கட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். 105 என்றால் நிமிடத்துக்கு 1.75 கிலோமீற்றர். 1.75ஐ 320ஆல் பெருக்கினால் ரயர் நிமிடத்துக்கு 560 சுற்று. அவன் பார்த்த றக்கின் கியர்பொக்ஸ் ஓவர்டிரைவ், மேல் கியர் 0.73. 560ஐ 0.73ஆல் பெருக்க 409 வரும். இந்த 409ஐ விகிதத்தால் பெருக்கினால் எஞ்சினின் சுற்று வந்துவிடும். விகிதம் 3.08 என்றால் 1260. 3.55 என்றால் 1450. 4.10 என்றால் 1675.

"விகிதம் தெரியாட்டி?" என்று கேட்டான். அச்சின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். அது துருப்பிடித்துப் போயிருந்தால் வண்டியின் வின் இலக்கத்தைக் கொடுத்து அந்தத் தயாரிப்பின் டீலரிடம் கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஓட்டிப் பார்க்கும்போது மேல் கியரில் 105இல் பிடித்து, எஞ்சின் சுற்றைப் பார்த்து 409ஆல் பிரிக்கலாம்.

ஓட்டிப் பார்த்தான். 1670க்குக் கிட்ட நின்றது. அப்ப 4.10தான்.

அவனுடைய வேலை என்ன? பெட்டி றெயிலரில் சாமான் ஏற்றி, 401இல் விழுந்து, எல்லை கடந்து ரெக்சஸ் போய் வருவது. கூடுதலும் சமதரை. மொத்த எடை அமெரிக்கச் சட்டப்படி 80,000 இறாத்தலுக்குள், அதாவது 36,000 கிலோ சொச்சம். அந்த வேலைக்கு அந்த எஞ்சின் 1300க்கும் 1450க்கும் இடையில் சுற்றினால் போதும். நூறு சுற்றுக் கூடினால் எண்ணெய்ச் செலவு ஒன்று முதல் ஒன்றரை வீதம் கூடும் என்பது இந்தத் தொழிலில் சொல்கிற கணக்கு. 3.08க்கும் 4.10க்கும் இடையில் 400 சுற்றுக்கு மேல். நாலு முதல் ஆறு வீதம் என்று வையுங்கள். வருடத்துக்கு 160,000 கிலோமீற்றர், நூறு கிலோமீற்றருக்கு 35 லீற்றர் என்றால் 56,000 லீற்றர். அதில் நாலு வீதம் 2,240, ஆறு வீதம் 3,360 லீற்றர். லீற்றர் 1.50 டொலர் என்று பிடித்தாலும் வருடம் 3,360 முதல் 5,040 டொலர் புகையாகப் போகும். விலையில் அவன் கண்ட லாபம் ஓரிரு வருடத்தில் கரைந்துவிடும். தமக்கையின் சீட்டுக்காசு அப்போதும் கட்டி முடிந்திருக்காது.

"அப்ப பெரிய ரயர் போட்டால் சரிதானே அத்தான்?" கெட்டிக்காரன். கணக்கில் சரிதான். 11ஆர்24.5 போட்டால் 1675 சுற்று 1540க்கு இறங்கும். ரயர் மாற்றுவதும் ஒருவிதத்தில் கியர் மாற்றுவதுதான். ஆனால் றிம் பத்தும் மாற்ற வேண்டும். றக் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரும், றெயிலரின் முன்பக்கமும் சேர்ந்து உயரும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் உயர எல்லை 13 அடி 6 அங்குலம். வேகமானி பொய் சொல்லும், அதையும் திருத்த வேண்டும். அதற்குப் பிறகும் 1540தான்.

காசு மிச்சம் பிடிக்கப் பின்னுக்கு மட்டும் ரெண்டு மூன்று வேறு சைஸ் ரயர் கொழுவுகிற ஆட்களும் உண்டு. இரட்டை ரயரில் ஒன்று உயரம், ஒன்று கட்டை என்றால் உயர்ந்தது பாரம் முழுவதையும் சுமக்கும், கட்டையானது தேய்ந்து உரசிக்கொண்டே வரும். விட்டத்தில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பார்கள். முன்னுக்குப் பின்னுக்கு இருக்கும் இரண்டு இழுவை அச்சுகளில் சைஸ் மாறினால் நடுவில் இருக்கும் டிபரென்சல் ஓயாமல் வேலை செய்து சூடேறிப் போய்விடும்.

பற்சில்லையே மாற்றலாம். ஆனால் இரண்டு அச்சிலும் மாற்ற வேண்டும், சின்ன செலவில்லை. விகிதத்தை நன்றாகக் குறைத்தால் அதே இழுவைக்கு சாஃப்ட்டிலும் அதன் மூட்டுகளிலும் முறுக்கு கூடும். அவை அதைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். இப்போது வரும் புது றக்குகள் 2.64 மாதிரியான விகிதத்தோடு 1150 சுற்றில் ஓடுகின்றன என்றால், எஞ்சின், கியர்பொக்ஸ், சாஃப்ட் எல்லாம் அதற்கென்றே சேர்த்துச் செய்தவை. ஒன்றை மட்டும் பிடுங்கி மற்றதில் பூட்ட முடியாது.

அவன் அந்த றக்கை விட்டுவிட்டான். மூன்று மாதம் பொறுத்து 3.55 இருக்கிற ஒன்றை வாங்கினான். ரொக்கி மலையில் எப்போதாவது லோட் கிடைத்தாலும் சமாளிக்கும்.

அந்தச் சிவப்பு றக்கை மண், கல் ஏற்றுகிற ஒருவர் வாங்கிப் போனாராம். அவருக்கு அது பொன்னான றக். குவாரிக்குள் பாரத்தோடு நின்று கிளம்ப வேண்டும், 105இல் ஓடுகிற நேரம் குறைவு. மேற்குப் பக்கம் 63,500 கிலோ சுப்பர்-பி இழுக்கிறவர்களும் 4.10ஐத் தேடித்தான் வாங்குவார்கள். ஆகவே கெட்ட விகிதம் என்று ஒன்று கிடையாது. யாருக்கு, எந்தப் பாரத்துக்கு, எந்த வீதிக்கு என்பதுதான் கேள்வி.

எங்கட சனத்திடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். "அவன் வாங்கினான், நீயும் வாங்கு." வீடும் அப்படி, பிள்ளைகளின் படிப்பும் அப்படி, றக்கும் அப்படி. அவன் இழுக்கிற பாரம் வேறு, நாங்கள் இழுக்கிற பாரம் வேறு என்று ஒருவரும் நின்று பார்ப்பதில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒரு பேனையும் துண்டும் கொண்டு போங்கள். 409 என்பது அந்த ரயருக்கும் அந்தக் கியர்பொக்சுக்கும் மட்டும் வருகிற இலக்கம். ரயரின் பக்கவாட்டில் இருக்கும் சைஸைப் பார்த்து, கியர்பொக்சின் மேல் கியரைக் கேட்டு, உங்களுடையதை நீங்களே போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.