ஜக்கூர்: சாவியைத் திருப்பினால் ‘டக்’... அப்புறம் கப்சிப்!

பெங்களூரு ஹெப்பாளைத் தாண்டி பள்ளாரி சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குத்தான் பறந்துகொண்டிருப்பார்கள். மேம்பாலத்தில் போகும்போது வலது பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுபாதை தெரியும். அதுதான் ஜக்கூர். பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே அரசு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இன்று தனியார் குட்டி விமானங்களும் நிற்கின்றன.

ஜனவரி மாதக் காலை. தெரிந்தவர் ஒருவர் தன் அப்பாவை முதல்முறையாக விமானத்தில் கூட்டிப்போகிறார் என்று கேள்விப்பட்டு, நானும் தொற்றிக்கொண்டேன். அப்பா தருமபுரிக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வெள்ளை வேட்டி, மஃப்ளர், கையில் தயிர்சாத டப்பா!

நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172. மகன் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். புரொப்பெல்லர் அசையவே இல்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் ‘டக்’.

“எங்க பஸ்ஸா இருந்தா நாலு பேர் இறங்கித் தள்ளியிருப்பாங்க” என்றார் பெரியவர். மகனோ, “கையால சுத்தி விட்டா ஸ்டார்ட் ஆயிடும்ணா” என்று மெக்கானிக்கைப் பார்த்தார்.

மெக்கானிக் ஓசூர்க்காரர். விமானத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் லைசென்ஸ் வைத்திருப்பவர். “கை வேணும்னா தள்ளி நில்லுங்க” என்றார். அவ்வளவுதான்.

காரணத்தை எனக்கு அப்புறம் சொன்னார். இந்த வகை இன்ஜினில் தீப்பொறிக்கு பேட்டரியே தேவையில்லை. மேக்னெட்டோ என்ற கருவி, இன்ஜின் சுற்றினாலே தானாக மின்சாரம் உண்டாக்கிவிடும். அதை அடக்கி வைக்கும் ஒயர் ஒன்று அறுந்திருந்தால், சாவி ஆஃபில் இருந்தாலும் ஆபத்துதான். புரொப்பெல்லரைக் கையால் லேசாக நகர்த்தினால்கூட இன்ஜின் உயிர் பெறலாம். டைகர் மாத் காலத்தில் கையால்தான் சுழற்றினார்கள், உண்மை. அதற்கென்று பழகிய ஆள், உள்ளே இன்னொருவர், வாய்விட்டுச் சொல்லும் கட்டளைகள் என்று ஒரு முறை இருந்தது. அவசரத்துக்குச் செய்கிற வேலை அல்ல.

“முதல்ல காதைக் குடுக்கணும்” என்றார். சாவியைத் திருப்பியும் சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், அதன் ஒயர்களைப் பார்க்க வேண்டும். ‘டகடகடக’ என்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி சோர்ந்திருக்கும். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் ஓடி புரொப்பெல்லர் நின்றால், ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் இன்ஜின் பல்லைப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ என்றால் சாவியின் கட்டளை ரிலே வரைக்கும் வந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் கோளாறு.

அடுத்து லேண்டிங் லைட்டைப் போடச் சொல்லி, சாவியைத் திருப்பச் சொன்னார். லைட் துளியும் மங்கவில்லை. எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. அவர் தலையாட்டினார். ஸ்டார்ட்டர் மோட்டார் கரன்ட்டை அள்ளிக் குடிக்கும். குடித்தால் லைட் மங்கியே ஆக வேண்டும். மங்கவில்லை என்றால் கரன்ட் அங்கே போகவே இல்லை!

எங்களையெல்லாம் ஓரம் கட்டினார். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எரிபொருளை அடைத்து, மீட்டரை எடுத்தார். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் உடம்பில். “திருப்புங்க.” அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, அதைத் தாண்டி எங்கேயோ போனது.

இன்ஜின் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரன்ட் போகாது. அதனால் இன்ஜினையும் விமான உடம்பையும் இணைக்க, பின்னல் போட்ட ஒரு பட்டை உண்டு. அதன் போல்ட்டைக் கழற்றினால் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. இதை விட்டுவைத்தால் கரன்ட் வேறு வழி தேடி, த்ராட்டில் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சுட்டுவிடக்கூடும் என்றார். பறக்கும்போது இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அந்த கேபிள்தான். மகன் முகம் வெளிறியது. கையால் சுற்றிக் கிளப்பியிருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

“ஸ்டார்ட்டர் போச்சுன்னு கழட்டியிருந்தா வீண் செலவு” என்றபடி உப்புத்தாளை எடுத்தார் மெக்கானிக். பெரியவர் பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்தார். “பஸ்ஸுலயும் இதே எர்த்து தகராறுதான் தம்பி!” மெக்கானிக் முதல்முறையாகச் சிரித்தார்.

தேய்த்து, முறுக்கி, மறுபடி அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட ஒன்றரை மணி நேரம் ஆனது. பக்கத்திலேயே யெலஹங்கா விமானப்படைத் தளம், வடக்கே பெரிய விமான நிலையம். அனுமதி வாங்காமல் வானில் நுழைய முடியாது. காலையில் வாங்கிய நேரம் போயே போய்விட்டது. மறுபடி கேட்டுக் காத்திருந்ததில் தயிர்சாதம் மரத்தடியிலேயே காலியானது. எனக்கும் ஒரு வாய் கிடைத்தது.

பதினொன்றரைக்கு சாவி திரும்பியது. புரொப்பெல்லர் ஒரு சுற்று முக்கி, சட்டென்று பிடித்துக்கொண்டது.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். “எப்படிங்கய்யா இருந்துச்சு?” என்றேன்.

“நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஆனா நான் வண்டி ஓட்டுன ஓசூர் ரோடு தெரியல. வடக்குப் பக்கமா கூட்டிட்டுப் போயிட்டான்” என்று மகனை முறைத்தார்.