அதே மாத்திரை, வேறு உடம்பு

அப்பாவுக்கு பார்க்கின்சன் என்று தெரிந்த பிறகு எனக்குப் பொறாமை புதிதாக வந்தது. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது அப்பா வயதுக்காரர் ஒருவர் வருவார். அவருக்கும் லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த அதே மாத்திரைதான், அளவும் அதேதான். அவர் கைவீசி நடந்துபோய் டோக்கன் வாங்குவார். அப்பாவோ வாசற்படிக்கு வந்ததும் கால் எடுபடாமல் நின்றுவிடுவார். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த எரிச்சலை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"அப்பாவுக்கு இந்த மருந்து எவ்வளவு தூரம் கேட்கும், டாக்டர்?"

"கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்."

நழுவுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். இல்லை என்று பிறகுதான் புரிந்தது. லெவோடோபா, 1967-இல் மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ் அதிக அளவில் கொடுத்துப் பலனைக் காட்டிய மருந்து. ஆனாலும் யாருக்கு எவ்வளவு என்று பார்க்க, குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்றுகிறார்கள். இறுக்கமும் மந்தமும் பெரும்பாலும் மருந்துக்குக் கேட்கும். நடுக்கம் சிலருக்கு முரண்டு பிடிக்கும். மலச்சிக்கலுக்கு அது உதவாது.

அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் அவர் எழுத ஆரம்பித்தார்: "7 மணி மாத்திரை. 7.40 சட்டைப் பொத்தான் தானே போட்டார். 10.45 கை விறைத்தது." மதியம் பல நாள் ஒரே வரிதான்: "மாத்திரை வேலை செய்யவில்லை." அந்தத் தாள்களை டாக்டர் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். மதிய மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம், பருப்பும் மீனுமாகச் சாப்பிட்ட கையோடு கொடுத்துக்கொண்டிருந்தோம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போவது ஒரே வழியில். நெரிசலில் மருந்து பின்தங்கிவிடும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக மாற்றினார். மீன் இரவுக்குப் போனது. மதியப் பொத்தான்களும் அப்பா கைக்கு வந்தன, எல்லா நாளும் இல்லை என்றாலும்.

குடலிலுள்ள சில பாக்டீரியாக்கள் லெவோடோபாவை மூளைக்குப் போகுமுன்பே மாற்றிவிடுகின்றன என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குடலே ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும்போது, இரண்டு பேரை ஒப்பிட்டு நான் வெந்துகொண்டிருந்தது எவ்வளவு வீண்! அந்தக் கைவீசும் மனிதரிடமும் ஒருநாள் பேசினேன். மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தன்னால் நெளிகிறது, சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்றார்.

ஊரில் பூனைக்காலி விதைப்பொடி கொடுக்கச் சொல்வார்கள். அதிலும் லெவோடோபா இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் பொடிக்குப் பொடி மாறும். டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் இந்த மாத்திரை இருந்தால், போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், கைகால் வசப்பட்ட நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். அளவை நீங்களாக மாற்றாமல், அந்தத் தாள்களோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.