பிஸ்கட் டின்னும் வால்வு டப்பாவும்!

ஏதாவது ஒரு ஆர்க்கெஸ்ட்ரா போட்டோ எடுத்துப் பாருங்க. நடுவுல பாடகர், பாடகி. பக்கத்துல கீபோர்டு. லீடு கித்தார் பையன் முடியைச் சிலுப்பிக்கிட்டு போஸ் குடுப்பான். டிரம்ஸுக்குப் பின்னாடி அரை முகமும், நீளமா ஒரு கித்தார் கழுத்தும் மட்டும் தெரியுதா? அதுதான் பேஸ் கித்தாரிஸ்ட். அதாவது, நான்!

ஊர் அனுப்பம்பட்டு. சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி ரூட்ல மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவுல இருக்கு. காலேஜ்ல சேர்ந்த முதல் நாளே, ''அனுப்பம்பட்டா? யாரை, எங்கடா அனுப்புறாங்க?''னு ஓட்டினாங்க. நாலு வருஷமும் அதே ஜோக்தான். செகண்ட் இயர் படிக்கும்போது, 2006-ல, ஒரு மெல்லிசைக் குழுவுல சேர்ந்தேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு பேஸ் கித்தார். அதை நீளமான பையில போட்டு எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தூக்கிட்டுப் போனா, மீன் கூடை வெச்சிருந்த ஒரு ஆயா, ''இன்னா கண்ணு, துடுப்பா?''னு கேட்டுச்சு. இல்ல ஆயா, ஆனா இதுவும் தள்ளுற வேலைதான். பாட்டை அடியில இருந்து தள்ளுற வேலை!

பிரச்னை என்னன்னா, நான் தள்ளுறது யாருக்கும் கேட்கலை.

பெரிய குழுக்கள்ல பேஸுக்குன்னு தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கும். எங்க குழுவுல கித்தார்ல இருந்து நீளமா ஒரு ஒயர், நேரா மிக்ஸருக்கு (தின்கிற மிக்ஸர் இல்லீங்க!). வர்ற சத்தம் தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கும். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் வால்யூமை ஏத்தினா கூடவே 'உம்ம்ம்ம்'னு ஒரு உறுமல். இறக்கினா பேஸே காணோம். சரின்னு வீட்ல ப்ராக்டீஸ் பண்ற குட்டி ஆம்ப்ளிஃபயரை மேடைக்குக் கொண்டு போய், அதுல இருந்து மிக்ஸருக்கு லைன் குடுத்தேன். டோன் கொஞ்சம் தேறுச்சு. உறுமல் மட்டும் டபுள் ஆச்சு!

அப்பதான் ஒரு கில்லாடி ஐடியா யாரோ சொல்லிக் குடுத்தாங்க. ''ஆம்ப் பிளக்ல எர்த் ஒயரைக் கழட்டி விட்டுடு. உறுமல் நின்னுடும்.'' கழட்டினேன். நின்னுடுச்சு. 'நாமளும் இன்ஜினீயர்தான்டா'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். படிச்சது இ.சி.இ. வேற. வெட்கக்கேடு!

அந்த வருஷம் அம்மா பொறந்த குப்பத்துல திருவிழா. பொன்னேரில பஸ் பிடிச்சு பழவேற்காடு போய், பாலம் தாண்டிப் போகணும். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவுல மணல்ல மேடை. மாமா ஏரியிலயும் கடல்லயும் தொழில் செய்யறவர். ''என் தங்கச்சி பையன் வாசிக்கிறான்''னு குப்பம் முழுக்க சொல்லி வெச்சிருந்தார். சீரியல் செட், ஜெனரேட்டர்னு ஏக அமர்க்களம். அஞ்சாவது பாட்டு நடுவுல திடீர்னு உறுமல் மறுபடி கிளம்புச்சு. ஒரு கை கித்தார் கம்பி மேல இருக்க, கோரஸ் மைக்குக்கிட்ட குனிஞ்சு, ''அண்ணே, லைனைப் பாரு''ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். உதடு மைக்ல பட்டுச்சு.

அடுத்து எனக்குத் தெரிஞ்சது, நான் மணல்ல கிடந்ததும் மாமா முகமும்தான்.

நடந்தது இதுதான். பிளக்ல எர்த்தைக் கழட்டினதும், என் ஆம்புக்கு மிச்சம் இருந்த ஒரே எர்த், மிக்ஸருக்குப் போற ஒயரைச் சுத்தி இருக்கிற மெல்லிசான வலைக்கம்பி. அது உப்புக்காத்துல துருப்பிடிச்சு, அந்த நேரம் பார்த்து அறுந்துடுச்சு. ஆம்புல கசிஞ்ச கரன்ட் கித்தார் கம்பிக்கு வந்து நிக்குது. மைக்கோ மிக்ஸர் வழியா எர்த்துல இருக்கு. நடுவுல பாலம் போட்டது என் உதடு. கொஞ்ச நேரம் கூட ஒட்டியிருந்தா, இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மாமா அன்னிக்கு ராத்திரி திட்டவே இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். ''அலை ஆட்டுதுன்னு எவனாவது நங்கூரக் கயிறை அறுப்பானாடா?''

திங்கட்கிழமை லேப்ல சார்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்ட பிறகு, போர்டுல ஒரு டப்பா வரைஞ்சார். ''இதுக்குப் பேரு டி.ஐ. பாக்ஸ். டைரக்ட் பாக்ஸ்னும் சொல்வாங்க. உனக்கு வேண்டியது இது.''

அந்த டப்பா மூணு வேலை செய்யும்.

முதல் வேலை: பேஸ் கித்தார் பிக்கப்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப சன்னமானது. மிக்ஸரோட லைன் இன்புட் பெரும்பாலும் 10 ஆயிரம் ஓம் மாதிரி. சின்ன ஊத்துத் தண்ணியைப் பெரிய வாய்க்கால்ல திறந்து விட்டா என்ன ஆகும்? ஈரம்தான் மிஞ்சும். போதாததுக்கு நீள ஒயர் வேற மேல் சத்தத்தைக் குடிச்சிடும். டி.ஐ. பாக்ஸ் தன் பக்கத்தைப் பெரிய எதிர்ப்பா காட்டும். நல்ல டிரான்ஸ்பார்மர் டப்பான்னா லட்சம் ஓமைத் தாண்டும். வால்வு டப்பான்னா 10 லட்சமும் அதுக்கு மேலயும் போகும். கித்தார் அசராம பேசும்.

ரெண்டாவது வேலை: சிக்னலை ரெண்டு கம்பியில, ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில அனுப்பும். வழியில சீரியல் செட், ஜெனரேட்டர்னு எந்த இரைச்சல் வந்தாலும் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரிதான் ஏறும். மிக்ஸர் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு படகு நிக்குது, அலை வருது, ரெண்டும் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்குது. ஒரு படகுல இருந்து பார்த்தா இன்னொண்ணு அசையவே இல்லை. அவ்ளோதான் மேட்டர்!

மூணாவது வேலைதான் என் உயிர் சம்பந்தப்பட்டது. 'கிரவுண்ட் லிஃப்ட்'னு ஒரு சின்ன சுவிட்ச். ஆம்புக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த்னு ரெண்டு வழி இருந்து, ஒயர் அதைச் சேர்த்து வைக்கும்போது ஒரு வட்டம் உண்டாகும். அதுல சுத்துற 50 ஹெர்ட்ஸ்தான் அந்த உறுமல். இந்த சுவிட்ச் சிக்னல் ஒயரோட எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும். பிளக்ல இருக்கிற எர்த் அப்படியே இருக்கும். வட்டம் உடையும், நங்கூரம் இருக்கும்!

ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு ஒரு பழைய ஆடியோ டிரான்ஸ்பார்மரைப் பிடிச்சு, ஒரு இரும்பு பிஸ்கட் டின்ல வெச்சு நாங்களே ஒரு டி.ஐ. பாக்ஸ் செஞ்சோம். பார்க்க வெடிகுண்டு மாதிரியே இருக்கும். சென்ட்ரல்ல ஒருதடவை போலீஸ்காரர் திறந்து காட்டச் சொன்னார். ஆனா அதுக்கப்புறம் என் பேஸ் கேட்டுச்சு. உறுமல் இல்லாம கேட்டுச்சு.

இனிமேதான் ஆசை ஆரம்பம்.

காலேஜ் முடிச்ச 2009-ல, சாலிகிராமம் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவுல வாசிக்கப் போனேன். இன்ஜினீயர் ஒரு கனமான பெட்டியைத் தூக்கி வெச்சார். சுவிட்ச் போட்டும் சத்தம் வரலை. ''பொறு, சூடாகட்டும்''னார். உள்ளே ஒரு கண்ணாடிக் குமிழ் மெல்ல ஆரஞ்சு கலர்ல மினுங்குச்சு. எனக்கு எங்க தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் வந்துடுச்சு. தாத்தா சுவிட்சைப் போட்டுட்டு வெத்தலை மடிக்க ஆரம்பிப்பார். மடிச்சு முடிக்கிறதுக்கும் இலங்கை வானொலி பேச ஆரம்பிக்கிறதுக்கும் சரியா இருக்கும். அதே வால்வுதான், டியூப்னு வேற பேர்ல! ஃபிளெமிங் 1904-ல கண்டுபிடிச்ச டயோடு வால்வுக்குள்ள லீ டி ஃபாரஸ்ட் 1906-ல மூணாவதா ஒரு முனையைச் சேர்த்தார். சிக்னலைப் பெருக்குற வித்தை அங்கதான் ஆரம்பிச்சுது.

ஒரு நோட்டு வாசிச்சேன். ஹெட்போன்ல வந்தது என் கித்தாரான்னு சந்தேகமா இருந்தது. அதே கம்பி, அதே விரல். ஆனா சத்தத்துக்கு சதை வெச்ச மாதிரி ஒரு கனம்.

காரணம் மந்திரம் இல்லை. பேஸோட தடிச்ச கம்பி சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ். டீக்கடை ஸ்பீக்கருக்கும் செல்போன் ஸ்பீக்கருக்கும் அது எட்டவே எட்டாது. வால்வைக் கொஞ்சம் அழுத்தி ஓட்டினா 82, 123னு அதோட மடங்குகளை, மேல் சுரங்களை, தூக்கிக் குடுக்கும். காது அந்த மேல் சுரங்களைக் கேட்டு, அடியில இல்லாத 41-ஐத் தானே நிரப்பிக்கும். அதோட, ஓங்கி அடிச்ச நோட்டோட முனையை வெட்டாம மழுக்கி விடும். அதான் அந்த மெத்துனு இருக்கிற குணம்.

இது புதுசும் இல்லை. டெட்ராய்ட்ல பெர்ரி கார்டி 1959-ல ஒரு வீட்டை வாங்கி மோட்டவுன் ஸ்டூடியோ ஆக்கினார். அங்கே ஜேம்ஸ் ஜேமர்சன்னு ஒரு மேதை, ஆள்காட்டி விரல் ஒண்ணுலயே வாசிச்சு, ஆம்ப் முன்னாடி மைக் வைக்காம நேரா லைன்ல ரெக்கார்டு பண்ணினார். கம்பியை அறுந்தாலொழிய மாத்த மாட்டாராம். லண்டன்ல பீட்டில்ஸ் 1967-ல 'சார்ஜென்ட் பெப்பர்' பண்ணும்போது, இன்ஜினீயர் கென் டவுன்சென்ட் செஞ்ச டப்பா வழியா பால் மெக்கார்ட்னியோட பேஸ் நேரா போச்சு. அது போய்ச் சேர்ந்த மிக்ஸரே வால்வுல ஓடினதுதான். நம்ம ஊர்ல இளையராஜா பாட்டுக்கு சசிதரன், ரஹ்மான் பாட்டுக்கு கீத் பீட்டர்ஸ்னு பேஸுக்காகவே கேட்க வைக்கிற ஆளுங்க இருக்காங்க. அவங்க பாட்டை ஒருதடவை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்க. பழகின பாட்டே வேற பாட்டா தெரியும்.

எனக்கு அந்தப் பெட்டி வேணும்னு பைத்தியம் பிடிச்சுது. விலை, என் முதல் வேலையோட பல மாச சம்பளம். விஷயம் மாமா காதுக்குப் போய், ''இந்த வருஷம் இறால் நல்லா பட்டுச்சு, நான் தரேன்டா''ன்னு நின்னார். கிட்டத்தட்ட சரின்னு சொல்லியிருப்பேன்.

தடுத்தது அந்த ஸ்டூடியோ இன்ஜினீயர்தான். ''உன் பிஸ்கட் டின்னை எடுத்துட்டு வா''ன்னார். ஒரே வரியை ரெண்டு டப்பாவுலயும் வாசிக்கச் சொல்லி, எது எதுன்னு சொல்லாம போட்டுக் காட்டினார். பேஸ் மட்டும் தனியா ஓடினப்ப வால்வை உடனே கண்டுபிடிச்சேன். டிரம்ஸ், கீபோர்டு, பாட்டு எல்லாம் சேர்த்து ஓட்டினப்ப ரெண்டு தடவை தப்பா சொன்னேன். ஒரு குட்டி ஸ்பீக்கர்ல போட்டப்பதான் மறுபடி வால்வு ஜெயிச்சுது. அப்புறம் மூணாவதா ஒரு டேக் போட்டார். பேஸ் அவ்வளவு பிரமாதம். ''இது வேற வால்வா சார்?''னேன். ''இல்ல, உன் டின்தான். நீ ஒழுங்கா வாசிச்ச டேக்!''

இன்னொண்ணும் சொன்னார். டி.ஐ. பாக்ஸ்ல சில ரகம் மிக்ஸர் அனுப்புற 48 வோல்ட் பேன்டம் பவர்லயே ஓடும். அதுல கிடைக்கிற கரன்ட் 10 மில்லிஆம்பியரைத் தாண்டாது. 12ஏஎக்ஸ்7 மாதிரி ஒரு சாதாரண வால்வைச் சூடேத்தவே 6.3 வோல்ட்ல 300 மில்லிஆம்பியர் வேணும். அதனால வால்வு டப்பாவுக்குத் தனி மெயின்ஸ் லைன் கட்டாயம். ஜெனரேட்டர் மூச்சு வாங்குற குப்பத்து மேடையில, மணல்லயும் உப்புக்காத்துலயும் அதை வெச்சு அழறதா? நாமே வால்வு டப்பா செஞ்சிடலாம்னு யாராவது கிளம்பினீங்கன்னா, உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல ஓடும். சுவிட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல நிக்கும். ஒருதடவை மணல்ல கிடந்தவன் சொல்றேன், வேணாம்.

மாமா காசை வாங்கலை. 2014-ல, என் சொந்த சம்பளத்துல ஒரு செகண்ட் ஹேண்ட் வால்வு டப்பா வாங்கினேன். ரெக்கார்டிங்னா அதுதான் இன்னிக்கும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். மீன் குழம்பு கொதிச்சு இறங்கினப்புறம் ஊத்துற நல்லெண்ணெய் மாதிரி அது. வாசமே தனி. ஆனா மீனே நாத்தம்னா எண்ணெய் என்ன செய்யும்?

குப்பத்துத் திருவிழாவுக்கு மட்டும் பிஸ்கட் டின்தான் போகும். போறதுக்கு முன்னாடி எல்லா ஒயரையும் ஒருதடவை இழுத்துப் பார்ப்பேன். பிளக்ல எர்த் இருக்கான்னு திறந்து பார்ப்பேன். அதுக்கப்புறம்தான் டோன், கீன் எல்லாம்.

போன தடவை கச்சேரி முடிஞ்சு இறங்கினப்ப மாமா படகு நிழல்ல சாஞ்சு உட்கார்ந்திருந்தார். வயசாகிடுச்சு, முன்னாடி மாதிரி காது சரியாக் கேட்கிறதில்லை. ''பாட்டு என்னன்னு புரியலைடா. ஆனா நீ வாசிச்சது இங்க இடிச்சுது''ன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அதுக்கு எத்தனை ஓம்னு எந்த லேப் சாரும் சொல்லிக் குடுக்கலை, பாஸ்!