நைட் டியூட்டி

சாந்தோம் பேராலயத்துல கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிஞ்சு வெளிய வர்றோம்.
ரோட்டோரம் தீயணைப்பு வண்டி நின்னுட்டிருக்கு. ஜன்னலோரமா ஒரு தம்பி, கையில செபமாலை.

"பூசை பாத்தியாப்பா?"
"மைக்குல கேட்டேன்க்கா. வண்டிய விட்டு நகர முடியாது."

கேக் குடுத்தேன். பின்னாடி இருந்தவங்களுக்கு நீட்டிட்டு, அப்புறம்தான் தனக்கு எடுத்துக்கிட்டான்.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரல. அந்தத் தம்பி மாதிரி வேலை பாக்குறவங்க நினைப்புதான்.

2017 மே 31, உஸ்மான் ரோட்டுல சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடை பத்திக்கிச்சு. ஒரு நாளுக்கு மேல எரிஞ்சுது. கடைசியில கட்டடத்தையே இடிச்சாங்க. அந்தப் புகையில நின்னவங்க வீட்டுக்குப் போய் யார்கிட்ட என்ன சொல்லியிருப்பாங்க?

2004-ல கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை காலையில, இதே சாந்தோம் கடற்கரையிலதான் சுனாமி. மீட்புக்கு ஓடினவங்களுக்கு ஒவ்வொரு டிசம்பரும் எப்படி இருக்கும்?

"தைரியசாலிங்க"ன்னு நாம சுலபமா சொல்லிடுறோம். அப்படிச் சொன்னபிறகு அவங்க எப்படி வாய் திறந்து அழுவாங்க?

லூக்கா நற்செய்தியில, பாலன் பிறந்த சேதி முதல்ல போனது ராத்திரி முழிச்சு மந்தையைக் காத்த இடையர்களுக்குத்தான். அவங்களும் நைட் டியூட்டிதானே! பயந்து நடுங்கினாங்கன்னும் அதுலயே எழுதியிருக்கு. வானதூதர் அதுக்காக அவங்களைக் குறைச்சுப் பேசல. பயப்படாதீங்கன்னுதான் ஆரம்பிச்சார்.

நம்ம கேரல் ரவுண்ட்ஸ் வீடு வீடா போகுது. அடுத்த வருஷம் ஒரு ராத்திரி ஃபயர் ஸ்டேஷனுக்கும் போவோமா? பாடினதும் கிளம்பாம, பக்கத்துல உட்கார்ந்து அவங்க சொல்றதைக் கேட்க.

யார் யார் வர்றீங்க?