கடைமடைச் சதுரங்கம்

சோழ நாட்டில் கோபுரங்களுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. தஞ்சையிலிருந்து கிழக்கே எந்தச் சாலையில் போனாலும், ஒரு கோபுரம் மறைவதற்குள் இன்னொரு கோபுரம் கண்ணில் படும். நம் காலத்தில் இவற்றோடு செல்போன் கோபுரமும் சேர்ந்து கொண்டது. கற்கோபுரத்தைக் கண்டால் நம்மவர் இரு கைகளையும் கூப்புவார்கள். இரும்புக் கோபுரத்துக்கோ ஒரு கை போதும். அந்தக் கையில் செல்போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாடிக்கும் வாசலுக்குமாகப் பிரதட்சிணம் செய்யவேண்டும். அனுக்கிரகம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

நாம் வசிப்பது மன்னார்குடிக்குத் தெற்கே, காவிரிப் பாசனத்தின் கடைமடையில். தொழில், பள்ளி உபாத்தியாயர். நமது தெருவுக்குக் கண்ணாடி இழைக் கம்பி இன்னும் வந்து சேரவில்லை. ஆகையால் ஸிம் அட்டை செருகிய சிறு பெட்டி ஒன்றை ஜன்னலில் வைத்து, இரும்புக் கோபுரம் அளக்கும் படியைக் கொண்டே வீட்டு இண்டர்நெட்டை நடத்தி வருகிறோம். பாங்குக் கணக்கு, மின்சாரக் கட்டணம், சென்னையிலுள்ள தமக்கையின் முகதரிசனம் எல்லாம் அதன் வழியாகத்தான். இவற்றுக்கெல்லாம் பெட்டி பெரும்பாலும் வஞ்சனை செய்வதில்லை. வஞ்சனை எல்லாம் நம் புதல்வனுக்குத்தான்.

பையனுக்கு வயது பதின்மூன்று. சதுரங்கப் பைத்தியம். ஊரில் அவனோடு சரிசமமாக ஆடுவதற்கு ஆள் இல்லை. ஆகவே இரவு ஏழு மணிக்கு மேல் இண்டர்நெட்டில் முகம் தெரியாத பேர்களோடு பத்து நிமிஷ ஆட்டம் ஆடுவான். நல்ல கட்டத்தில் பலகை உறைந்துவிடும். குதிரை தூக்கிய காலோடு நிற்கும். கடிகாரம் மட்டும் நிற்காது. மீண்டும் இணைப்பு வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும்.

"அப்பா, நான் தோற்கவில்லை, லைன்தான் தோற்றுப் போயிற்று" என்பான்.

"விளையாட்டுத்தானேடா கண்ணு, போனால் போகிறது" என்று பாட்டி சமாதானம் சொல்வாள்.

இந்த இரண்டு கட்சிகளில் நாம் பையன் கட்சி. பாசத்தினால் மட்டும் அல்ல. அதற்குக் காரணம் உண்டு.

கம்பெனிக்குப் புகார் செய்தோம். மிகவும் மரியாதையான குரல் ஒன்று, "உங்கள் பகுதியில் வேகம் நன்றாகவே இருக்கிறது, ஸார்" என்றது. சோதித்துப் பார்த்தோம்; வேகம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. சினிமா தங்குதடையின்றி ஓடியது. அப்படியானால் சதுரங்கம் ஏன் ஓடவில்லை? ஒரு காயை நகர்த்தும் செய்தி சினிமாவில் லட்சத்தில் ஒரு பங்குகூட இராதே!

இதற்கு விடையைக் காவிரிக் கரைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. பாசனத்தில் ஏரிப் பாசனம், ஆற்றுப் பாசனம் என்று இரண்டு உண்டு. ஏரியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வரத்து நாலு நாள் நின்றாலும் வயல் வாடாது. சினிமா ஏரிப் பாசனம். அடுத்து வரப்போகும் காட்சிகளை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொண்டுதான் அது ஓடுகிறது. நடுவில் இணைப்பு ஐந்து விநாடி அறுந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. விளையாட்டோ அணை இல்லாத ஆற்றுப் பாசனம். எதிராளி இன்னும் யோசித்தே முடிக்காத நகர்த்தலை யார் முன்கூட்டிச் சேமிக்க முடியும்? அந்தந்த விநாடிக்கு அந்தந்த விநாடியே வந்து சேரவேண்டும். ஆகவே விளையாட்டுக்கு வேண்டியது கால்வாயின் அகலம் அல்ல. தண்ணீர் சொன்ன நேரத்தில் மடைக்கு வருவதுதான்.

செய்தி போய்வரும் இந்தத் தாமதத்தைப் பையன்கள் 'பிங்' என்கிறார்கள். அதை மில்லி விநாடியில், அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கிறார்கள். தூரம்தான் காரணமோ என்றால், அதுவும் அவ்வளவாக இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. தஞ்சாவூரிலிருந்து பம்பாய் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,140 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒளிக்கு வேண்டியது சுமார் 11 மில்லி விநாடி. கம்பி வளைந்து வளைந்து போவதையும், வழியில் உள்ள இயந்திரங்களையும் கணக்கில் சேர்த்தாலும் மனிதன் கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

தொல்லை எல்லாம் கடைசி இரண்டு மைலில், கோபுரத்துக்கும் நம் ஜன்னலுக்கும் இடையில் இருக்கிறது. கோபுரம் தன் அலைவரிசையைச் சுற்றுவட்டாரத்தார் எல்லாருக்கும் முறை வைத்துப் பங்கிடுகிறது. இதுவும் ஒரு முறைப்பாசனமே. பகலில் கூட்டம் இல்லை. முறை உடனே வந்துவிடுகிறது. இரவு ஏழு மணிக்கு மேல் ஊரே ஒரே சமயத்தில் மடையைத் திறக்கிறது. அப்போது முறை தள்ளிப் போகிறது. அதுவும் ஒரே சீராகத் தள்ளிப் போவதில்லை. ஒரு செய்தி 40 மில்லி விநாடியில் போகும். அடுத்தது 400-க்குப் போகும். மூன்றாவது காற்றில் சிதைந்து மறுபடியும் அனுப்பப்படும். சிக்னல் மெலிந்த இடத்தில் இந்த மறு அனுப்புதல் அதிகம். கோபுரத்துக்கு வெகு தூரத்தில், கான்கிரீட் கூரையின் கீழ், தென்னந்தோப்புக்குப் பின்னால் இருப்பவனே இங்கும் கடைமடைக்காரன்.

இந்தச் சங்கடம் நம் வீட்டுப் பையனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. உலக அரங்கிலேயே நேர்ந்திருக்கிறது. கொரோனா காலத்தில், 2020-ம் ஆண்டில், செஸ் ஒலிம்பியாட் இண்டர்நெட் மூலம் நடந்தது. கால் இறுதியில் இந்தியாவுடன் ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவர் இணைப்பு அறுந்து தோற்றார். ஆர்மீனியாவின் முறையீடு தள்ளப்பட்டது; அந்த அணி போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 30-ந் தேதி, இந்தியாவும் ருஷ்யாவும் மோதிய இறுதிப் போட்டி. முதல் சுற்று 3-3 என்று சமமாக முடிந்தது. இரண்டாவது சுற்றில், உலகின் பல பாகங்களில் இண்டர்நெட் தடைப்பட்ட வேளையில், பதினாறு வயது நிகால் சரினும் பதினான்கு வயது திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்தார்கள். கடிகாரம் ஓடித் தோற்றார்கள். ருஷ்யாவுக்கு வெற்றி என்று முதலில் அறிவிக்கப்பட்டது. இந்தியா முறையிட்டது. சர்வதேசச் சதுரங்க சம்மேளனத்தின் தலைவர் துவோர்கோவிச், இரு தேசங்களுக்கும் தங்கப் பதக்கம் என்று தீர்ப்பளித்தார்.

இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்ததில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் ஆர்மீனியாவை நினைத்தால் மனம் சற்று உறுத்தத்தான் செய்கிறது. அறுந்த கம்பி ஒன்றேதான். ஒருவருக்குத் தோல்வி, இன்னொருவருக்குத் தங்கம். முறையிட்டால் கேட்பதற்கு ஒரு தலைவராவது அங்கே இருந்தார். கடைமடையில் இரவு எட்டு மணிக்குத் தோற்கும் பையன் யாரிடம் முறையிடுவது?

'விளையாட்டுத்தானே' என்ற பாட்டியின் கட்சிக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். நீடாமங்கலத்துக்கு அருகில் திருப்பூவனூர் என்று ஒரு க்ஷேத்திரம் இருக்கிறது. அங்கே சுவாமியின் திருநாமம் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாருக்கும் தோற்காத ராஜகுமாரியை ஈசனே வந்து ஆடி ஜயித்து மணந்து கொண்டதாக ஸ்தல புராணம் சொல்கிறது. 2022-ல் மாமல்லபுரத்து ஒலிம்பியாடின் துவக்க விழாவில் பிரதம மந்திரி இந்தக் கோயிலைக் குறிப்பிட்டார். ராஜகுமாரிக்கு ஈடான எதிராளி ஊர் தேடி வந்தார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எதிராளி அப்படி வருவாரா? சென்னைக்குப் போய்ப் பயிற்சி பெறப் பணமும் அவகாசமும் எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? நல்ல எதிராளி கிடைக்கும் ஒரே வழி அந்த ஜன்னல் பெட்டிதான். அது தடுமாறினால், தடைப்படுவது பொழுதுபோக்கு அல்ல, படிப்பு.

மேலும், விளையாட்டுக்கு வேண்டிய தாமதமின்மை வேறு பலவற்றுக்கும் வேண்டும். வைத்தியரோடு முகம் பார்த்துப் பேசுவதும், கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய நேர்முகத் தேர்வும் ஆற்றுப் பாசனத்தைச் சேர்ந்தவைதாம். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது கோபுரங்கள் பல ஊமையாயின. உயிரோடு இருக்கிறோம் என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வழியின்றித் தவித்த தாய்மார்களைக் கேட்டால், சரியான நேரத்தில் போய்ச் சேரும் ஒரு வார்த்தையின் மதிப்புத் தெரியும்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறோம். பணம் வைத்தாடும் ஆட்டங்களுக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவற்றைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு சட்டம் நிறைவேற்றியது நல்ல காரியம். அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளுக்கு அங்கீகாரம் கொடுத்திருப்பதையும் பெற்றோர் கவனிக்கவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. பெட்டியைப் பீரோவின் பின்னால் ஒளிக்காமல், கோபுரத்தை நோக்கிய ஜன்னலில், கூடுமானால் மாடியில் வைக்கலாம். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கம்பி இழுத்தால், வீட்டுக்குள்ளேயே நேரும் தாமதமாவது ஒழியும். பிள்ளை ஆடுகிற நேரத்தில் பெரிய சினிமாக்களை இறக்கிக்கொள்ளாமல் இருப்பது மற்றவர்கள் செய்யக்கூடிய தியாகம். ஒரே மடைக்குப் பின்னால் எல்லாரும் வரிசையில் நிற்கிறோம் அல்லவா? ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி கூட்டிக் கொடுக்கும் ஆட்ட முறையைத் தேர்ந்தெடுத்தால், சிறு தடங்கலில் தோல்வி வராது.

எஞ்சியது சர்க்காரும் கம்பெனிகளும் செய்யவேண்டியது. கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது 2011-ல். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பஞ்சாயத்துகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பஞ்சாயத்து ஆபீஸ் வரையில் வருவது வாய்க்கால் தலைப்பு வரையில் வருவது போலத்தான். வயலுக்குக் கிளை வாய்க்கால் வெட்டினால்தான் பயன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வெளியிட்ட தர விதிகளில் வேகத்தோடு தாமதத்துக்கும், தாமதத்தின் தடுமாற்றத்துக்கும் அளவு வைத்திருக்கிறது. விதி நல்லது. அது இரவு எட்டு மணிக்கும் செல்லுபடியாக வேண்டும்.

அதற்கு நாமும் ஒரு காரியம் செய்யலாம். பையன் குறை சொன்னால் அதட்டாமல், ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கையில் கொடுங்கள். தேதி, மணி, எத்தனை மில்லி விநாடி, எத்தனை தடவை அறுந்தது என்று ஒரு மாதம் எழுதட்டும். அதைக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பி எண் வாங்குங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்புங்கள். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதோடு கடைமடை விவசாயி திருப்தி அடைவதில்லை. தன் மடைக்கு எந்தத் தேதியில் வந்தது என்று குறித்து வைத்துக் கேட்கிறான். அந்தக் கணக்குப் புத்தி நமது குடும்பங்களுக்கும் வரட்டும்.