மலையேறிய மின்வண்டி

என் மகன் மின்னாற்றலால் இயங்கும் கார் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினான். "எண்ணெய் தீர்ந்தால் குப்பியில் வாங்கி ஊற்றலாம், மின்சாரம் தீர்ந்தால் எதில் வாங்கி வருவாய்?" என்று வினவினேன். அவன் நகைத்தானேயன்றி விடை கூறவில்லை.

அதன் முதல் நெடும்பயணம் திருச்சிராப்பள்ளியிலிருந்து உதகமண்டலத்துக்கு அமைந்தது. அங்கு வாழும் என் தமக்கையார் மூச்சிரைப்பால் நலிவுற்று, என்னைக் காண விரும்புவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

சமவெளியில் அவ்வண்டி சென்ற செவ்வியை என்னென்பேன்! இரைச்சலில்லை, நடுக்கமில்லை, புகையுமில்லை. கரூரைக் கடக்குமுன் கண்ணயர்ந்துவிட்டேன். காங்கேயத்தில் நாங்கள் உணவருந்திய வேளையில் வண்டிக்கும் மின்னேற்றினோம்.

மேட்டுப்பாளையத்தை அடைந்தபோது முகப்புத் திரை 62 என்று காட்டியது. மின்கலத்தில் நூற்றுக்கு அத்தனை பங்கு எஞ்சியிருந்தது என்பது பொருள். மின்னேற்றும் நிலையத்தில் மூன்று வண்டிகள் காத்து நின்றன.

"ஒரு மணி நேரம் பொறுப்போம், அப்பா" என்றான் மகன்.

"இன்னும் 50 கிலோமீட்டர்தானே, தம்பி! பொழுது சாய்கிறது, அக்காள் காத்திருப்பார்" என்று நானே அவனை விரைவுபடுத்தினேன்.

தொலைவை எண்ணிய நான் உயரத்தை எண்ணினேனல்லேன். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு 300 மீட்டருக்குச் சற்று மேலே உள்ளது. உதகையோ 2,200 மீட்டருக்கும் மேலே உள்ளது. வண்டியையும் எங்களையும் அத்துணை உயரம் தூக்க வேண்டியது அம்மின்கலமே. கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கக் கடக்க எண் இறங்கியது: 55, 48, 41. குன்னூரில் 34. பனி மூடிக்கொண்டது. மகன் என்னை ஒரு சொல்லும் கடிந்திலன். அதுவே எனக்குக் கடிதாயிருந்தது.

அப்போது பெர்த்தா பென்ஸ் அம்மையாரை நினைத்தேன். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை, அவரறியாமலே, மைந்தர் இருவருடன் ஜெர்மனி நாட்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் கொண்டு சென்றவர் அவர். எரிபொருள் குறைந்தபோது மருந்துக் கடையில் வாங்கினார். அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் திறந்தார். மேட்டில் ஏறமாட்டாத வண்டியை மைந்தர் இறங்கித் தள்ளினர். எங்கள் வண்டியோ தள்ளத்தக்க எடையினதன்று. எனக்கும் தள்ளும் வயதன்று!

உதகையை அடைந்தபோது எண் 24. தமக்கையார் கம்பளி போர்த்து வாயிலிலேயே அமர்ந்திருந்தார். "சத்தமே இல்லாமல் வந்துவிட்டாயே, தம்பி" என்று என் கையைப் பற்றிக்கொண்டார். அதன்பின் நெடுநேரம் எண்ணையும் வண்டியையும் மறந்திருந்தேன்.

இரண்டு நாள் தங்கினோம். வீட்டு மின்னிணைப்பிலேயே மின்னேற்றிய மகன் 70இல் நிறுத்திவிட்டான். "ஏன் நிரப்பவில்லை?" என்றேன். நிரம்பிய மின்கலம் இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலை ஏற்றுக்கொள்ளாது என்றான். இறங்கும்போது அதனைக் கண்கூடாகக் கண்டேன். மிதியிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் அப்போது மின்னாக்கியாக மாறி, வேகத்தையும் தணித்து, மின்கலத்துக்கும் ஆற்றலை ஊட்டுகிறது. மேட்டுப்பாளையத்தில் எண் 73 ஆயிற்று. ஏறுகையில் செலவானது 38, மீண்டது 3. கடன்காரனுக்கு வட்டி கட்டவும் காணாத தொகைதான்! எனினும் 50 கிலோமீட்டர் செலவின்றி வந்திருந்தோம்.

அன்றும் அந்நிலையத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. மகன் என் முகத்தை நோக்கினான்.

"காத்திருப்போம், தம்பி" என்றேன்.