சியாங் மாயும் பினாங்கும்

கணனியின் முன்னிருந்தே பிறநாட்டு நிறுவனத்திற்குப் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவர், மனைவியுடனும் தொய்வு நோயுள்ள சிறு மகளுடனும் தங்குதற்கு உகந்தது தாய்லாந்தா, மலேசியாவா என வினவி எழுதினார். இரு நாடுகளையும் சித்திரை விடுமுறையொன்றில் நாம் கண்டு மீண்டதை அவர் அறிவார்.

சட்டத்தை மட்டும் நோக்கின் தாய்லாந்தே தாராளமானது. 2024 இல் அந்நாடு ஏற்படுத்திய அனுமதி ஐந்தாண்டு செல்லும். ஒவ்வொரு வருகையிலும் 180 நாள் தங்கலாம். ஐந்து இலட்சம் பாத் கையிருப்பைக் காட்டுதல் வேண்டும். மலேசியா 2022 இல் வகுத்ததோ ஓராண்டிற்கே உரியது. மேலும் ஓராண்டு நீட்டலாம். கணனித் துறையினர்க்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டொலருக்கு மேல் இருத்தல் வேண்டும்.

ஆயின் சியாங் மாயில் நாம் கண்டது வேறு. தோய் சுதேப் மலை எங்கே என்று விடுதிக்காரரை வினவினோம். எதிரே நின்ற வெண்புகையைச் சுட்டிக் காட்டினார்! மாசி முதற் சித்திரை வரை வயலும் காடும் எரிய, மலைசூழ் பள்ளத்தாக்கிற் புகை தேங்கிவிடுகின்றது. சுமாத்திராவின் காட்டுத்தீப் புகை 2015, 2019 ஆம் ஆண்டுகளில் மலேசியாவையும் சூழ்ந்ததுண்டு. எனினும் அஃது ஆண்டுதோறும் தவறாது வருவதன்று.

பினாங்கிலோ, 1833 இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலருகே தமிழிலேயே வழி கேட்டோம். தமிழிலேயே விடை கிடைத்தது. அயலூரில் நள்ளிரவில் மருத்துவரைத் தேடும் தாய்க்கு இது சிறு உதவியா?

பினாங்கு என்றே எழுதினோம். மகளின் கடவுச்சீட்டிற்கு விண்ணப்பித்திருப்பதாகச் சென்ற வாரம் மறுமடல் வந்தது.